பாதியில் நின்ற தொழிற்பழகுநர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வழி உண்டா?

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்துத் தேறியவன். அதன்பின் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தனியார் ஆலையில் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சியில் சேர்ந்தான். ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் முறையாகப் பதிவாகியிருக்கிறது. உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் 6,500 ரூபாயை ஆலை கொடுத்தது. மீதி 1,500 ரூபாய் அரசின் பங்காக அவனுடைய வங்கிக் கணக்குக்குத் தனியே வந்தது. எட்டு மாதங்கள் முடிந்து ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்த நிலையில், ஆர்டர் குறைந்துவிட்டதால் அந்தப் பிரிவையே மூடுவதாகச் சொல்லி, அவனையும் அவனோடு சேர்ந்த மற்றப் பதின்மூன்று பேரையும் சென்ற வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பிய முறைதான் எனக்கு மனத்தை உறுத்துகிறது. மனிதவளப் பிரிவுக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். "எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டுப் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று அதில் இருக்கிறது. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கையெழுத்திட்டுவிட்டு, நிலுவையில் இருந்த உதவித்தொகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தம்பி மட்டும், வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தாளைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். அது இப்போது என் மேசை மேல் இருக்கிறது.

கடைசி இரண்டு மாதங்களாக அவனை ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்) பொருத்தும் பிரிவில் வைத்திருந்தார்கள். அவனுடைய ஒர்க் டைரியை நேற்று புரட்டிப் பார்த்தேன். தேதி வாரியாகச் செய்த வேலையையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதியிருக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் மேற்பார்வையாளர் கையொப்பமிட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில், இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றோடொன்று சரியாகப் படிகின்றனவா என்று பார்க்க நீல மசி தடவி உரசியதையும், மேடாகத் தெரிந்த இடங்களை மூன்று முறை சுரண்டி எடுத்ததையும் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவனுடைய கட்டைவிரல் ரேகை நீலமாகவே பதிந்திருக்கிறது. இவ்வளவும் கற்றவனுக்கு, நான்கு மாதம் குறைகிறது என்ற ஒரே காரணத்தால் தேர்வு எழுதும் தகுதி இல்லாமல் போய்விடுமா? வேறு ஆலையில் சேர்ந்தால் மறுபடியும் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டுமா? இந்தத் தாளில் கையெழுத்திடலாமா, கூடாதா? தொழிற்பழகுநர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அரசு இவ்வளவு பணம் செலவிடும்போது, நடுவில் நின்றுபோகிறவர்களுக்கென்று ஏதாவது ஏற்பாடு இருக்கத்தானே வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பயிற்சிக்கூடத்தார் (பதில்)

சகோதரி, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கின்றன. அந்தத் தாளில் உங்கள் தம்பி கையெழுத்திட வேண்டாம். நான் தொழிற்பயிற்சித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இதே வாசகம் கொண்ட தாள்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பயிற்சி ஒப்பந்தத்தை நடுவில் முடிக்க வேண்டுமென்றால், இரு தரப்பில் ஒருவர் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம், அதாவது இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசு நியமித்திருக்கும் அதிகாரியிடம், விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்து எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். இது 7ஆம் பிரிவு. ஒப்பந்த நிபந்தனைகளை நிறைவேற்றத் தவறியது நிறுவனம் என்றால், கடைசியாகப் பெற்ற உதவித்தொகையின் மூன்று மாதத் தொகையை அது பயிற்சியாளருக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. உங்கள் தம்பியின் கணக்கில் அது 24,000 ரூபாய். தவறியது பயிற்சியாளர் என்றாலோ, அதே மூன்று மாதத் தொகையைப் பயிற்சிச் செலவாக அவரிடமிருந்து வசூலிக்க இடம் இருக்கிறது. ஆக, அந்த ஒரு தாள் 24,000 ரூபாய் பெற வேண்டியவனை அதைக் கொடுக்க வேண்டியவனாக மாற்றிவிடக்கூடியது. யாரும் பிள்ளைகளிடம் போய் வசூலிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு வர வேண்டியது வராமல் போவதற்கு அது போதும்.

இனி, பயிற்சியைத் தொடர்வது பற்றி. சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பலரும் படிப்பதே இல்லை. துறைக்குள்ளேயே அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஒரு நிறுவனத்தால் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாமல் போனால், அந்த நிறுவனம், பயிற்சியாளர், ஏற்றுக்கொள்ள முன்வரும் வேறொரு நிறுவனம் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டு, ஆலோசகரின் அனுமதியோடு, எஞ்சிய காலத்துக்கு மட்டும் பயிற்சியைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. பயிற்சியாளர் வயதுக்கு வராதவர் என்றால் அவருடைய பாதுகாவலர் ஒப்புதல் தர வேண்டும். அந்த உடன்பாட்டை ஆலோசகர் பதிவு செய்ததும் அதுவே பயிற்சி ஒப்பந்தம் ஆகிவிடும். "எஞ்சிய காலத்துக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். முடித்த எட்டு மாதங்கள் அப்படியே நிற்கும். புதிய இடத்தில் நான்கு மாதங்கள் போதும். அது முடிந்ததும் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறலாம்.

இதற்கு மாறாக, பழைய ஒப்பந்தம் "விலகினார்" என்று முடிக்கப்பட்டுவிட்டால், வேறு ஆலையில் போடுவது புது ஒப்பந்தமாக இருக்கும். பழைய நிறுவனத்தின் தவறால் பயிற்சி நின்றது என்று ஆலோசகர் ஏற்றால் மட்டுமே முதல் எட்டு மாதங்களைக் கணக்கில் சேர்க்க அனுமதிக்க முடியும்; தானே விலகியதாக எழுதிக்கொடுத்தபின் அதை வாதாடுவது மிகவும் கடினம். ஆகவே முடித்தலுக்கு விண்ணப்பிக்காதீர்கள், மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் போகும் அலுவலகம் ஒன்றுதான், கேட்கும் சொல்தான் வேறு.

இதில் காலம் முக்கியம். பழைய ஆலையின் கையெழுத்தும் தேவைப்படுவதால், அங்கே மனிதவளப் பிரிவில் கையெழுத்திட ஆள் இருக்கும்போதே காரியத்தை முடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வாயிற்கதவில் காவலாளி மட்டும் நின்றுகொண்டிருந்தால், மிகச் சரியான விண்ணப்பம்கூட நகராது. நாளைக்கே உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஆலை மாநில அதிகாரத்தின்கீழ் வருவதென்றால் அங்கேயே மனுவை வாங்கிக்கொள்வார்கள். அந்த நிறுவனம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்குவதாக இருந்தால், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது மத்திய அரசின் பொறுப்பில் வரும். அப்போது மனுவை மத்திய அரசின் மண்டல இயக்ககத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த ஒர்க் டைரியின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து இணையுங்கள்; மூலத்தை எவர் கையிலும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தப் பதிவு எண், வருகைப் பதிவு, இரண்டு தொகைகளும் தனித்தனியே வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் குறித்து நிறுவனத்துக்கும் பயிற்சியாளருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால் அதைத் தீர்க்கும் அதிகாரமும் ஆலோசகரிடமே இருக்கிறது. அவருடைய முடிவு உங்களுக்கு ஒப்புதலாக இல்லையென்றால் 30 நாளுக்குள் தொழிற்பழகுநர் மன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தச் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுபவர் பயிற்சியாளரே தவிரத் தொழிலாளர் அல்லர் என்று 18ஆம் பிரிவு சொல்லிவிடுவதால், ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற எதுவும் அவருக்குப் பொருந்தாது. அதனால்தான் 5ஆம் பிரிவும் 7ஆம் பிரிவும் இவ்வளவு முக்கியமாகின்றன. அவனுக்கென்று இருப்பது அவை மட்டும்தான்.

எண்ணிக்கையைக் கூட்ட அரசு செலவிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 ஆகஸ்டில் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் தொடங்கியபோது, உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதத்துக்கு 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், அரசு நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஆகஸ்டு முதல் அந்தப் பங்கு பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் கட்டாயம் தொழிற்பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று வரம்பை 40இலிருந்து இறக்கின. சேர்க்க வேண்டிய அளவு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை என்று ஆனது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். நான் பணியில் இருந்தபோது இவற்றுக்காக ஓடியாடி உழைத்திருக்கிறேன். ஆனால் இவை எல்லாமே பிள்ளையை வாசலுக்குள் கொண்டுவந்து விடுவதற்கானவை. முகாம் நடத்தினால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மேலிடம் கேட்கும். எத்தனை பேர் சான்றிதழோடு வெளியே வந்தார்கள் என்று அதே அக்கறையோடு கேட்டவர்களை நான் அரிதாகவே பார்த்தேன். 5ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கைவிடப்பட்ட பயிற்சியாளருக்கு அடுத்த ஆலையைத் தேடித் தரும் பொறுப்பு எந்த மேசையிலும் இல்லை. அந்தத் தேடலை உங்களைப் போன்ற அக்காமார்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பட்டறைக்காரன் (பதில்)

ஐயா சொன்னதில் சட்டம் முழுவதும் வந்துவிட்டது. புதிதாக ஏற்றுக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். நான் 22 பேர் வேலை செய்யும் ஒரு கடைசல் பட்டறை நடத்துகிறேன். 30 பேருக்குக் குறைவாக இருப்பதால் எனக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் நான்கு பேருக்குக் குறையாமல் இருப்பதால் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். 15 விழுக்காடு என்ற கணக்குப்படி என்னால் மூன்று பேர் வரை எடுக்க முடியும். இப்போது இருவர் இருக்கிறார்கள்.

என்னைப் போன்ற சிறிய பட்டறைக்காரர்கள் எதற்குத் தயங்குகிறார்கள் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் பிள்ளை முதல் மூன்று மாதங்களில் உற்பத்தி எதுவும் தருவதில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும் மூத்த டர்னரின் நேரமும் அதில் கரைகிறது. ஒரு நாள் கருவி முறியும், ஒரு நாள் ஒரு துண்டு முழுதாக வீணாகும். இவையெல்லாம் சேர்ந்துதான் செலவு. உதவித்தொகை அதில் ஒரு பகுதி மட்டுமே. அவன் கை பழகி, வரைபடத்தைப் பார்த்தவுடன் எந்த முகத்தை முதலில் கடைய வேண்டும் என்று அவனுக்கே தோன்றத் தொடங்கும் நேரத்தில் ஓராண்டு முடிந்துவிடும்.

அந்த வகையில் பார்த்தால், எட்டு மாதம் முடித்த பிள்ளை எனக்கு இழப்பே இல்லை. அரம் பிடிக்கும் கையைப் பார்த்தாலே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நின்ற நிலையில் தோள் அசையாமல், தள்ளும்போது மட்டும் அழுத்தி, இழுக்கும்போது அழுத்தத்தை விடுகிறானா என்று பார்ப்பேன். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். அப்படிப்பட்டவனை நான்கு மாதத்துக்கு எடுப்பதில் எனக்கு இருக்கும் ஒரே சிக்கல், நான்கு மாதம் முடிந்ததும் அவன் போய்விடுவான் என்பதுதான். அவனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் எனக்கும் இல்லை, இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கும் இல்லை.

அரசு இந்த இடத்தில் உள்ளே வந்தால் நிலைமையே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆலை மூடியதால் வெளியே வந்த பயிற்சியாளரை எஞ்சிய காலத்துக்கு எடுத்துக்கொள்ளும் பட்டறைக்கு, அந்த மாதங்களின் உதவித்தொகை முழுவதையும் அரசே ஏற்கலாம். உங்கள் தம்பியின் விஷயத்தில் அது நான்கு மாதத்துக்கு 32,000 ரூபாய். அதிலும் 6,000 ரூபாய் எப்படியும் அரசு கொடுக்க வேண்டியதே. அதற்கு மேல் ஒரு 26,000 ரூபாய்க்காக, இரண்டு ஆண்டு படிப்பையும் எட்டு மாதப் பயிற்சியையும் வீணாக விடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் இந்தச் சட்டத்தின்கீழ் வரும் தொழிற்பழகுநருக்குப் பொருந்தாது என்பதால் காகித வேலையும் அதிகம் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொழிற்பழகுநர் என்ற பெயரில் பிள்ளைகளை எடுத்து, ஓராண்டு முழுவதும் ஒரே இயந்திரத்தின் முன் நிறுத்திப் பொத்தானை அழுத்த வைக்கும் நிறுவனங்கள் என் தொழிலிலேயே இருக்கின்றன. உதவித்தொகை கூலியைவிடக் குறைவு என்பதுதான் அங்கே காரணம். எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே குறிக்கோளாக இருந்தால் இதுதான் பெருகும். உங்கள் தம்பியை அப்படி நடத்தவில்லை என்பது அந்த டைரியிலேயே தெரிகிறது, எனவே அதைப் பத்திரமாக வையுங்கள். என்னுடைய பட்டறை கடைசல் பட்டறைதான், ஃபிட்டருக்கு வேண்டிய பொருத்தும் வேலை அதிகம் இல்லை. அந்தப் பிரிவில் பயிற்சி தரும் வசதி இருக்கிறதா என்று ஆலோசகர் பார்ப்பார். ஆனால் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்யும் இரண்டு பட்டறைகளை எனக்கு நன்றாகத் தெரியும். தனிச்செய்தியில் தொடர்பு கொள்ளுங்கள், நானே பேசிப் பார்க்கிறேன்.

இளவேனில்

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றே திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய்வந்தோம். முதலில் இருந்தவர், பயிற்சியிலிருந்து நின்றுவிட்டால் மறுபடி புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னார். 5ஆம் பிரிவு என்று தம்பி மெதுவாகச் சொன்னதும் உள்ளே இருந்த அதிகாரியிடம் அழைத்துச் சென்றார். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் கடிதத்தைக் கொண்டுவந்தால் பழைய ஆலையை அவரே அழைத்துப் பேசுவதாகச் சொன்னார்.

இன்னொரு சந்தேகம். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட மற்றப் பிள்ளைகளுக்கு இனி வழியே இல்லையா? அவர்களில் இருவர் இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் ஒருவர், பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் இதே சான்றிதழ் கிடைத்துவிடும் என்று சொன்னாராம். அது உண்மையா? வெளிநாடுகளில் இப்படிப்பட்ட நிலையில் என்ன செய்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள். அதிகாரியிடம் பேசும்போது எடுத்துக்காட்டாகச் சொல்ல உதவும்.

தேம்சுக்கரை (பதில்)

வெளிநாட்டு நடைமுறை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் பொறியியல் தொழிற்பழகுநர்களுக்குக் கற்பிக்கிறேன்.

இங்கே ஆட்குறைப்பில் வெளியேற்றப்படும் தொழிற்பழகுநருக்கென்று தெளிவான விதி இருக்கிறது. பயிற்சியில் 75 விழுக்காடு முடித்திருந்தாலோ, முடிவதற்கு ஆறு மாதத்துக்குள் இருந்தாலோ, புதிய முதலாளி கிடைக்காவிட்டாலும் எஞ்சிய பயிற்சிக்கான முழுச் செலவையும் அரசே ஏற்று அவரை முடிக்க வைக்கும். அந்த அளவுக்கு வந்திராதவர் என்றால், புதிய முதலாளியைத் தேடும் 12 வாரங்களுக்குப் பயிற்சி நிற்காமல் தொடரும். உங்கள் தம்பி ஓராண்டில் எட்டு மாதம் முடித்தவர். இங்கே இருந்திருந்தால் நான்கு மாதமே மீதி என்பதால் முதல் வகையில் வந்திருப்பார்.

கொரோனா காலத்தில் இந்தத் தேவை மிகவும் கூடியது. 2020 ஆகஸ்டில், ஆட்குறைப்புக்கு உள்ளான தொழிற்பழகுநர்களுக்கென்றே தனி உதவிச் சேவை ஒன்றை அரசு தொடங்கியது. தொலைபேசியில் வழிகாட்டுவதோடு, ஏற்றுக்கொள்ள முன்வரும் முதலாளிகளோடு சேர்த்துவைக்கவும் அது முயன்றது. அதே மாதம் முதல் 25 வயதுக்கு உட்பட்ட புதிய தொழிற்பழகுநர் ஒருவரைச் சேர்த்தால் 2,000 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வயதினரைச் சேர்த்தால் 1,500 பவுண்டு என்று முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். வேறிடத்தில் வேலை இழந்து வந்தவரைச் சேர்த்தாலும் அது கிடைத்தது. 2021 ஏப்ரலில் அது 3,000 பவுண்டாக உயர்ந்தது. ஸ்காட்லாந்தில் 'அடாப்ட் அன் அப்ரண்டிஸ்' என்றே ஒரு திட்டத்தை நடத்தியிருக்கிறார்கள்; வேலை இழந்த தொழிற்பழகுநரை எடுத்துக்கொண்டு பயிற்சியை முடிக்க வைக்கும் முதலாளிக்கு அரசு பணம் கொடுத்தது. பட்டறைக்காரர் கேட்பது ஏறக்குறைய அதைத்தான்.

ஆனால் இதை அப்படியே அங்கே எடுத்துச் சொல்வதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே தொழிற்பழகுநர் முதலாளியிடம் ஊதியம் பெறும் ஊழியர். பயிற்சி தருவதோ பெரும்பாலும் எங்களைப் போன்ற தனி நிறுவனம். அந்தப் பயிற்சிக்கான பணம் முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதில்லை. ஆண்டு ஊதியச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள பெரிய நிறுவனங்களிடமிருந்து 2017 ஏப்ரல் முதல் 0.5 விழுக்காடு தனித் தீர்வையாக வசூலிக்கப்படுகிறது; சிறிய முதலாளிகளுக்குப் பயிற்சிச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. ஆகவே முதலாளி போய்விட்டாலும் கல்லூரி நிற்கிறது, ஆசிரியர் நிற்கிறார், பதிவேடு நிற்கிறது. அங்கே ஆலைத் தளமே பள்ளிக்கூடம். அது மூடும்போது ஆசிரியரும் கருவியும் சேர்ந்தே போய்விடுகிறார்கள். அதனால் இங்குள்ளதுபோல் பயிற்சிச் செலவைக் கொடுப்பது மட்டும் அங்கே போதாது. வேறொரு தளம் வேண்டும். எஞ்சிய மாதங்களை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தின் பட்டறையிலேயே முடிக்க அனுமதிப்பது அதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே இயந்திரமும் பயிற்றுநரும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இங்கேயும் எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி இல்லாமல் எங்களிடம் தொடர்ந்த ஒரு மாணவர் பாடங்களை முடித்துவிட்டார். ஆனால் இறுதி மதிப்பீட்டுக்கு வேண்டிய, உண்மையான வேலையிடத்தில் செய்த பணிகளுக்கான சான்றுகள் அவரிடம் குறைவாக இருந்தன. அவற்றைத் திரட்டுவதற்காக, தெரிந்த ஒரு தொழிற்கூடத்தில் வாரம் இரண்டு நாள் அவரை நிற்க வைத்தோம். கடைசியில் அவரைத் தேர்ச்சி பெற வைத்ததும் ஒரு முதலாளியின் நல்ல மனம்தான்.

பயிற்சிக்கூடத்தார்

தேம்சுக்கரை நண்பர் சொன்ன வேறுபாடு மிகச் சரியானது. தொழிற்பயிற்சி நிலையத்திலேயே எஞ்சிய காலத்தை முடிக்க வைக்கும் யோசனையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் இப்போதைய 5ஆம் பிரிவு "வேறொரு முதலாளி" என்றுதான் பேசுகிறது. அதற்கு விதியில் திருத்தம் வேண்டும். உங்கள் தம்பிக்கு அதற்காகக் காத்திருக்க நேரம் இல்லை.

இன்டர்ன்ஷிப் பற்றி: அது வேறு, இது வேறு. 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் பெரிய நிறுவனங்களில் வேலை அனுபவம் தருவதற்கானது. அது தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அதை முடிப்பவர் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான தேர்வை எழுத முடியாது. அந்தச் சான்றிதழ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். ரயில்வேயின் லெவல் 1 (தொடக்க நிலை) பணிகளுக்கான அறிவிக்கைகளில் அது கல்வித் தகுதியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்ற தொழிற்பழகுநருக்கு நேரடி நியமனதாரரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியிருக்கிறது.

கையெழுத்திட்ட பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடவில்லை. அந்தத் தாள் தானாகவே ஒப்பந்தத்தை முடித்துவிடாது. முடிப்பதற்கான விண்ணப்பம் ஆலோசகரிடம் போய், அவர் ஆணையிட வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் இணையதளத்தில் தம் கணக்கைத் திறந்து, ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், எந்தச் சூழ்நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது, ஒரே வாசகம் கொண்ட தாள் எத்தனை பேரிடம் நீட்டப்பட்டது, எந்த நாளில் என்பதை எழுதி, தன் விருப்பத்தால் விலகவில்லை என்றும் மாற்று நிறுவனத்தில் தொடர விரும்புவதாகவும் தனித்தனியே மனு கொடுக்க வேண்டும். ஒரே மனுவில் பதினான்கு கையொப்பம் வேண்டாம். ஒப்பந்தம் தனித்தனி என்பதால் மனுவும் தனித்தனியாக இருப்பதே நல்லது. உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கையெழுத்திடாத தாளின் நகலை ஒவ்வொரு மனுவோடும் இணையுங்கள். ஒரே நாளில் பதினான்கு பேருக்கும் ஒரே சொந்தக் காரணம் எப்படி வந்தது என்ற கேள்வியை, அந்த வெற்றுத் தாளைப் பார்க்கும் எந்த அதிகாரியும் தாமாகவே கேட்பார்.

இளவேனில்

ஐயா, தாளின் நகல் பதினான்கு எடுத்துவிட்டோம். நாளை காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் எங்களோடு அலுவலகத்துக்கு வருகிறார்கள். மற்றவர்களையும் தம்பி தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறான். பட்டறைக்காரர் அண்ணன் சொன்ன இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து, திங்கட்கிழமை வந்து கை வேலையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி தன்னுடைய அரத்தை எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறான்.